மூன்றாவது கேப்பும் ஐந்தாவது கேப்பும்

லாரி என்ஜினைப் பிரிப்பது நம் கை, பூட்டுவதும் நம் கை. நடுவில் நாலைந்து நாள் அது போரிங் கடையில் கிடக்கிறதே, அந்த நாட்களில் அது யார் பொறுப்பு என்று கேட்டால் எனக்கு இன்றுவரை பதில் தெரியாது. எளாவூர் செக்போஸ்ட் பக்கத்தில் முப்பத்தாறு வருடம் பட்டறை நடத்திவிட்டு, போன வருடம்தான் ஷட்டரை இறக்கினேன். பதிலைக் கண்டுபிடித்துவிட்டு இறக்கியிருக்கலாம். முடியவில்லை.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் உங்களுக்கு அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். நான் அளவு, டார்க், கிளியரன்ஸ் என்று ஆரம்பிப்பேன் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். அதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது, உங்கள் செல்போனிலும் இருக்கிறது, என்னைவிடப் பொறுமையாகவும் சொல்லித் தரும். நான் சொல்லப்போவது ஒரு ஆளைப் பற்றி. என் வாயால் வேலை போன ஆள். அதில் யார் தப்பு எவ்வளவு என்று நான் பலமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன், ஒவ்வொரு முறையும் வேறு விடை வருகிறது.

அவன் பெயர் மரியதாஸ். கும்மிடிப்பூண்டியில் மெயின் ரோட்டை ஒட்டி ஒரு போரிங் கடை. தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து கொடுப்பது, கிராங்க்கை கிரைண்டிங் பண்ணுவது, ப்ளாக்கைக் கழுவித் தருவது எல்லாம் அங்கேயே நடக்கும். கடை முதலாளிக்கு பில் போடத் தெரியும், மெஷின் தெரியாது. மெஷின் தெரிந்தவன் தாஸ். அவனுடைய அப்பா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர். இவன் பதினெட்டு வருடமாக அந்த போரிங் மெஷின் முன்னால் நிற்கிறான். விரல் நகத்தை வைத்து சிலிண்டருக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, "இன்னும் கொஞ்சம் கீதுண்ணா" என்பான். அப்புறம் அளந்து பார்த்தால் கொஞ்சம் இருக்கும். அவன் கைக்காகவே கடம்பத்தூரிலிருந்துகூட ப்ளாக் வரும்.

என்ஜினைத் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். சிலிண்டர்கள் இருக்கிற இரும்பு உடம்புதான் ப்ளாக், அதன் அடியில் கிராங்க் என்கிற சுழல் தண்டு படுத்திருக்கும். அது விழாமல் பிடித்துக்கொள்ள ஏழு இரும்புப் பிடிகள் உண்டு, அதைத்தான் கேப் என்கிறோம். அந்தந்த ப்ளாக்கோடு சேர்த்து வைத்துக் கடைந்த கேப் அந்த ப்ளாக்குக்கு மட்டும்தான் பொருந்தும். பார்க்க எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். கம்பெனி போட்ட நம்பர் அது எத்தனையாவது கேப் என்று சொல்லுமே தவிர எந்த ப்ளாக்குடையது என்று சொல்லாது. அதனால் ஒவ்வொரு மேஸ்திரியும் பிரிக்கும்போதே உளியும் புள்ளி குத்துகிற பஞ்ச்சும் எடுத்துத் தன் அடையாளத்தை வெட்டிவிடுவார். போரிங் கடையில் பெயர்ச் சீட்டு கட்டுகிற வழக்கமெல்லாம் அப்போது கிடையாது. டீசலில் ஊறி, சூடான சோடாத் தண்ணியில் வெந்து, எந்தச் சீட்டு நிற்கும்? மார்க்கைப் பார்த்தால் ஆளைத் தெரியும், அவ்வளவுதான். ஒருத்தர் மூன்று கோடு போடுவார், ஒருத்தர் பெருக்கல் குறி. என் மார்க் சாய்வாக ஒரு வெட்டு, அதன் மேலே இரண்டு புள்ளி.

அது எனக்கு வாத்தியார் கொடுத்த மார்க். நான் தொழில் படித்தது அவரிடம். பெயர் சொல்ல வேண்டாம், அவர் இப்போது இல்லை. சேர்ந்த புதிதில் எதற்கு இந்த மார்க் என்று கேட்டிருக்கிறேன். "நம்ம சரக்கு நம்மளாண்ட திரும்பி வரணும்டா, அதுக்குத்தான்" என்றார். அவரிடம் படித்த எட்டுப் பேரும் அதையே வெட்டினோம். அப்புறம் எட்டுப் பேரும் எட்டு ஊருக்குப் போய்ப் பட்டறை வைத்தோம். மார்க்கையும் கையோடு எடுத்துக்கொண்டு போனோம். இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது என்று எட்டுப் பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வாத்தியாருக்கும் தோன்றவில்லை.

நாலைந்து வருடம் முன்னால் கோபால் என்று எளாவூர்க்காரர் ஒருவருடைய லாரி என்ஜினை இறக்கினேன். ஒரே வண்டி, அவரே டிரைவர், சிப்காட்டிலிருந்து நெல்லூர்ப் பக்கம் கம்பி ஏற்றிக்கொண்டு போகிறவர். ப்ளாக்கும் கிராங்க்கும் தாஸிடம் போய், கடைந்து, கழுவித் திரும்பி வந்தது. பூட்ட உட்கார்ந்தேன்.

கிராங்க்கைப் படுக்க வைத்து ஒவ்வொரு கேப்பாக முடுக்கிக்கொண்டே கையால் சுற்றிப் பார்ப்பது நம் வழக்கம். ஒன்று, இரண்டு முடுக்கினேன், வெண்ணெய் மாதிரி சுற்றியது. மூன்றை முடுக்கினேன், பிடித்துக்கொண்டது. மூன்றைத் தளர்த்தினேன், சுற்றியது. நான்கு சரி. ஐந்தை முடுக்கினேன், மறுபடி பிடித்துக்கொண்டது. ஆறும் ஏழும் ஒன்றும் சொல்லவில்லை.

எனக்குப் புரியவில்லை. கிராங்க்கை எடுத்து மூன்றையும் ஐந்தையும் அளந்தேன். அளவு சரியாக இருந்தது. வளைந்திருக்குமோ என்று பார்த்தேன், வளையவில்லை. பேரிங் செட்டில் கோளாறோ என்று வேறு செட் வாங்கிப் போட்டேன், அதே பிடி. கடைசியில் கிராங்க்கையும் பேரிங்கையும் எடுத்துவிட்டு வெறும் கேப்பை மட்டும் முடுக்கித் துளையை அளந்தேன். மூன்றும் ஐந்தும் வட்டமாக இல்லை. மற்ற ஐந்தும் கச்சிதமாக இருந்தன.

மார்க்கைப் பார்த்தேனா என்று கேட்பீர்கள். பார்த்தேன். இரண்டு கேப்பிலும் சாய்வு வெட்டு, இரண்டு புள்ளி. சரியான நம்பர், சரியான பக்கம். என் கேப் என்று நிச்சயமாகத் தெரிந்தது. அப்படியானால் கெட்டுப்போனது ப்ளாக்தான். போகும்போது நன்றாக இருந்த ப்ளாக் கெட்டு வருகிறதென்றால் போரிங் கடையில்தான் கெட்டிருக்க வேண்டும். மெஷினில் கட்டும்போது ஏடாகூடமாக முடுக்கியிருப்பான், இல்லை கீழே போட்டிருப்பான்.

இதில் ஒரு ஓட்டை இருந்தது, அப்போதே எனக்குத் தெரிந்தது. ப்ளாக் முறுக்கிக்கொண்டால் மூன்றும் ஐந்தும் கெட்டு நடுவில் இருக்கிற நாலாவது மட்டும் எப்படி நன்றாக இருக்கும்? அந்தக் கேள்வி இரண்டு நாள் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தது. இன்னொரு பக்கம் கோபால் காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை வந்து, "மேஸ்திரி, இன்னிக்கா நாளைக்கா?" என்று கேட்டுவிட்டுப் போவார். அதட்டமாட்டார், கேட்டுவிட்டுப் போய்விடுவார். அதுதான் தாங்கவில்லை. ஒன்று புரியாவிட்டால் எனக்குக் கோபம் வரும். கோபம் வந்ததும் புரிந்துவிட்ட மாதிரி இருக்கும். இது என் சுபாவம், இதனால் நான் பட்டது கொஞ்சமல்ல.

மூன்றாம் நாள் காலை ப்ளாக்கைக் கேப்போடு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ப் போரிங் கடை வாசலில் இறக்கினேன். வாசலில் வேறு வேறு ஊர் மேஸ்திரிகள் மூன்று பேர் தங்கள் வேலைக்காக நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே ஆரம்பித்துவிட்டேன்.

"இன்னாடா பண்ணி வச்சிக்கிற? ப்ளாக்கே போச்சு! கண்ண மூடிக்கினு மெஷின்ல கட்டுனியா?"

தாஸ் மெஷினை நிறுத்திவிட்டு வந்தான். குனிந்து பார்த்தான். அளக்கிற கருவியை எடுத்து வந்து அவனும் அளந்தான். அவன் முகத்திலும் குழப்பம்தான் எனக்குத் தெரிந்தது.

"அண்ணா, இது உங்க கேப்புதானா? ஒரு தபா பாத்துக்கோங்கோ."

இந்தக் கேள்வியை நான் அப்போது காதில் வாங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை. வாங்கவில்லை. பக்கத்தில் நின்ற மேஸ்திரிகளைப் பார்த்துச் சிரித்தேன்.

"கேட்டுக்கினீங்களா? என் மார்க்கு எனக்குத் தெரியாதாம். என் கையால வெட்டுனதுடா இது!"

அவர்களும் சிரித்தார்கள். தாஸ் திரும்பி மெஷின் பக்கம் போனான். நான் உள்ளே முதலாளி மேஜைக்குப் போனேன்.

"இன்னா நைனா, காலங்காத்தால பேஜாரு பண்ற? வாசல்ல நாலு பேரு கீறாங்க" என்றார் அவர்.

"அந்த ஆள மெஷின்ல வச்சிக்கினு இருந்தீங்கன்னா என் ப்ளாக்கு இனிமே இங்க வராது மொதலாளி."

அவர் என்னிடம் யார் தப்பு என்று கேட்கவில்லை, என்ன செய்யலாம் என்றும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். சொல்லும்போது அவனை அனுப்பிவிடுவார் என்று நினைத்தேனா, ஒரு வார்த்தை திட்டுவார் என்று நினைத்தேனா என்று கேட்டால், சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. மறுநாள் வேறொரு ஆள் மெஷினில் நிற்கிறான் என்று கேள்விப்பட்டேன். கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

கெட்ட துளையைச் சரிசெய்ய ஒரு வழிதான் உண்டு. அந்தக் கேப்புகளை அப்படியே முடுக்கி ஏழு துளையையும் ஒரே நேராக மறுபடி கடைய வேண்டும். அந்த மெஷின் திருவள்ளூரில் இருந்தது. போன் பண்ணினேன், திங்கட்கிழமை கொண்டு வாருங்கள் என்றார்கள். ஒரு தரம் அப்படிக் கடைந்துவிட்டால் பழைய நிலைக்கு அதைக் கொண்டுவர முடியாது என்பதை இங்கே கவனித்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை மதியம் கடம்பத்தூரிலிருந்து பலராமன் கூப்பிட்டான். அவனும் வாத்தியாரிடம் படித்தவன்தான், எனக்கு இரண்டு வருடம் பின்னால் சேர்ந்தவன்.

"கும்டிப்பூண்டில தாஸ வாங்கு வாங்குன்னு வாங்கிட்டியாமே! நல்ல வேல பண்ண. என் ப்ளாக்கையும் நாசம் பண்ணிட்டாம்பா அவன். சிப்காட்டுக்கு லோடு போற வண்டியில ஏத்தி அனுப்புனேன், திரும்பி வந்து பூட்டுனா ஜாமு. பார்ட்டி அவசரப்பட்டாரு, வேற ப்ளாக்கு வாங்கி ஏத்திட்டேன். அது மூலைல கெடக்குது."

"எந்தக் கேப்பு ஜாமு?"

"மூணும் அஞ்சும்."

எழுந்து போய் என் கேப்பின் மார்க்கைப் பார்த்தேன்.

"பலராமா, நீ இன்னா மார்க்கு போடுவ?"

"இன்னா மார்க்கா? வாத்தியார் மார்க்குதான். வேற இன்னா மார்க்கு போடுவாங்க?"

போனை வைத்தேன். ஒரே சமயத்தில் எல்லாம் விளங்கியது, ஒன்றும் விளங்கவும் இல்லை. நாலாவது ஏன் நன்றாக இருந்தது என்பது விளங்கியது, கேப் மாறியிருந்தால் அது மூன்றும் ஐந்தும் மட்டும்தான். இத்தனை வருடம் கழித்து எங்கள் இரண்டு பேர் ப்ளாக்கும், ஒரே மாடல், ஒரே வாரத்தில் ஒரே கடைக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பது விளங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்றையும் ஐந்தையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு ரயிலேறினேன். சென்ட்ரலில் மாறி அரக்கோணம் வண்டி பிடித்தேன். செவ்வாப்பேட்டை வரை நின்றுகொண்டே போனேன். பை கனத்தது, ஆனாலும் கீழே வைக்க மனம் வரவில்லை. இது பலராமனுடைய கேப்பாக இருக்கக் கூடாது என்று ஒரு மனசு வேண்டிக்கொண்டது. அவனுடையதாக இருந்தால் கோபாலின் என்ஜின் பிழைக்கும். அவனுடையதாக இல்லாவிட்டால் நான் பிழைப்பேன். எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமலே கடம்பத்தூர் வந்துவிட்டது.

பலராமன் ப்ளாக்கை வெளியே இழுத்துக் கவிழ்த்து வைத்திருந்தான். அவன் பெண்டாட்டி நாஷ்டா எடுத்து வைத்தாள், இரண்டு பேரும் தொடவில்லை. நான் கொண்டுபோன மூன்றை அவன் ப்ளாக்கில் வைத்தேன். கையால் அழுத்தினேன், உட்கார்ந்துகொண்டது. முடுக்கி அளந்தோம். ஒரு மயிரிழை வித்தியாசம்கூட இல்லை. ஐந்தும் அப்படியே. அவனிடம் இருந்த மூன்றையும் ஐந்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சாய்வு வெட்டு, இரண்டு புள்ளி. என்னுடைய வெட்டுக்கும் அவனுடைய வெட்டுக்கும் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. வாத்தியார் எங்கள் இரண்டு பேர் கையையும் அவ்வளவு நன்றாகப் பழக்கியிருந்தார்.

பலராமன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். "அப்ப தாஸு?" என்றான்.

திங்கட்கிழமை என் கேப்புகள் என் ப்ளாக்கில் ஏறின. கிராங்க் ஒரு விரலுக்குச் சுற்றியது. கோபாலின் வண்டி புதன்கிழமை நெல்லூருக்குப் போனது. அவர் எனக்கு இரண்டு கையாலும் கும்பிடு போட்டார். அந்தக் கும்பிடை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. திருவள்ளூர் மெஷினில் ஏற்றியிருந்தால் இரண்டு ப்ளாக்கும் ஒழிந்திருக்கும், நானும் கடைசிவரை தாஸைத் திட்டிக்கொண்டே இருந்திருப்பேன்.

அன்று சாயங்காலம் தாஸ் வீட்டைத் தேடிக்கொண்டு போனேன். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் ஒரு காலனி. தாஸ் அப்போதுதான் ஷிஃப்ட் முடிந்து வந்திருந்தான். ஒரு கம்பி மில்லில் கான்ட்ராக்ட் வேலை, கட்டுக் கட்டாகக் கம்பியை எண்ணி ஏற்றிவிடுவது. கழுத்தில் அட்டை தொங்கியது, காலில் கம்பெனி பூட்ஸ். பதினெட்டு வருடம் மெஷின் ஓட்டிய கையில் ரப்பர் உறை. எனக்கு வெட்கமாக இருந்தது. உட்காரச் சொன்னான், உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவன் கேட்டுக்கொண்டே பூட்ஸைக் கழற்றினான்.

"தெரியும்ணா. அன்னிக்கே சந்தேகம். ரெண்டு ப்ளாக்கு கேப்பையும் ஒண்ணா கழுவிட்டேன். தொட்டிலேர்ந்து எடுத்தா எல்லாத்துலயும் ஒரே மார்க்கு. மத்தது சேந்துச்சு. மூணாவது கேப்பு ரெண்டும் அஞ்சாவது கேப்பு ரெண்டும் தனியா நின்னுடுச்சு, எது யாருதுன்னு தெரியல. உங்களுக்குப் போன் போட்டேனே."

"எனக்கா?"

"சாய்வு வெட்டு, ரெண்டு புள்ளி, உங்க மார்க்கு தானாண்ணான்னு கேட்டேன். ஆமாடா, அதான், மாட்டுன்னு சொன்னீங்க. இன்னொரு செட்டும் அதே மாதிரி கீதுண்ணான்னு சொல்லிக்கினே கீறேன், கட் பண்ணிட்டீங்க."

எனக்கு அப்படி ஒரு போன் வந்த ஞாபகமே இல்லை. பொய் சொல்கிறானோ என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். செல்போனை எடுத்துப் பழைய அழைப்புகளைத் தள்ளிக்கொண்டே போனேன். இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொரு மணிக்கு மேல், அவன் பெயர், ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன், எந்த வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன், எதற்காக அவ்வளவு அவசரம்? எவ்வளவு யோசித்தும் வரவில்லை. இப்போதும் வரவில்லை.

"அன்னிக்கு வாசல்ல இத சொல்லியிருக்கலாமேடா."

"சிரிச்சீங்களே" என்றான். கொஞ்சம் பொறுத்து, "என் மேலயும் தப்பு கீதுண்ணா. மாட்டி அளந்திருக்கணும். மொதலாளி அவசரப்படுத்துனாரு, அளக்கல" என்றான்.

அவன் சம்சாரம் டீ கொண்டுவந்து வைத்தாள். என்னை யார் என்று தெரிந்துதான் வைத்தாளா, தெரியாமல் வைத்தாளா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. தாஸ் கேட்டான்.

"நான் மெஷின்ல கீற வரைக்கும் உங்க ப்ளாக்கு வராதுன்னு சொன்னீங்கன்னு மொதலாளி சொன்னாரு. அது நீங்களா சொன்னதா, அவரு கேட்டு சொன்னதா?"

"நானா சொன்னதுதான்."

தலையை ஆட்டிக்கொண்டான். நான் நிஜத்தைச் சொன்னது அவனுக்கு ஆறுதலா, இன்னும் வலியா, அதுவும் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் முதலாளியிடம் போனேன். "வுடு நைனா, முடிஞ்சிபோன கத. புது ஆளு ஒர்த்தன் கீறான்" என்றார். கடையில் கேப் மாறுகிறது என்று வெளியே தெரிவதைவிட, கையாலாகாத ஆள் ஒருவன் இருந்தான், அனுப்பிவிட்டோம் என்பது அவருக்கு வசதி. நானும் விடவில்லை. புது ஆள் கடைந்த இரண்டு ப்ளாக் திரும்பி வந்து வாசலில் கிடந்ததைக் காட்டினேன். அவர் பெருமூச்சு விட்டார். "சரி, திங்கக்கெழம வரச் சொல்லு. ஆனா வாசல்ல கத்துனது நீ. நீயே வாசல்ல சொல்லிடு."

திங்கட்கிழமை சொன்னேன். நாலைந்து மேஸ்திரிகள் நின்றார்கள், முன்பு சிரித்தவர்களில் இரண்டு பேர் அதில் இருந்தார்கள். கேப் மாறிப்போனது, என் மார்க்கும் பலராமன் மார்க்கும் ஒன்று, தாஸ் போன் பண்ணிக் கேட்டான், நான் காதில் வாங்காமல் கட் பண்ணினேன், நேரில் கேட்டான், நான் சிரித்தேன், அவனுக்கு வேலை போனது என்னால் என்று எல்லாவற்றையும் சத்தமாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த ஒருவர், "அப்ப இனிமே நீ இன்னா மார்க்கு போடுவ?" என்றார். அதுதான் அவருக்குப் பட்ட சந்தேகம். இன்னொருவர் தன்னுடைய கேப்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

தாஸ் மெஷினுக்கு முன்னால் போய் நின்றான். புது ஆள் வைத்துவிட்டுப் போயிருந்த கட்டுகளைத் தளர்த்தி மறுபடி கட்டினான். நான் பக்கத்தில் போனேன். அடுத்த வாரம் ஒரு ப்ளாக் வருகிறது, அவனே செய்து தர வேண்டும் என்றேன். பழையபடி ஆகிவிட்டது என்று காட்டிக்கொள்ள வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அவன் மெஷினைப் போடவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னான்.

"வேலைக்கு வந்துட்டேன், நீங்க சொன்னதுக்கு நன்றி. ஆனா உங்க ப்ளாக்கு மட்டும் எனக்கு வேணாம்ணா. பயமா கீது."

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். நாலு வார்த்தை திட்டியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். பயம் என்றான். அளவில் அவனுக்குப் பயம் இல்லை, மெஷினில் இல்லை. என் இரும்பு அவன் மெஷினில் ஏறினால் மறுபடி ஒரு நாள் நான் வாசலில் வந்து நிற்பேன் என்று பயம். அதை எந்த அளவு வைத்து, எந்த கேப்பை மாற்றிச் சரிசெய்வது?

அப்புறம் நானும் பலராமனும் ப்ளாக்கிலும் ஏழு கேப்பிலும் ஒரே நம்பரைப் பஞ்ச் பண்ண ஆரம்பித்தோம். எந்தக் கடையிலிருந்து போன் வந்தாலும், வண்டிக்கு அடியிலிருந்து எழுந்து வந்து, அவர் முடிக்கிறவரை கேட்டுவிட்டு வைப்பேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். வேறு பெரிய உபதேசம் என்னிடம் இல்லை. யார் தப்பு என்று கேட்டால் வாத்தியார் தப்பு, பலராமன் தப்பு, தாஸ் தப்பு, முதலாளி தப்பு என்று எல்லோர் பேரையும் சொல்லலாம், எல்லாவற்றிலும் கொஞ்சம் நிஜம் இருக்கிறது. ஆனால் அவர்களில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்தவன் நான்.

ஷட்டரை இறக்கும்வரை என் ப்ளாக்குகள் திருவள்ளூருக்குத்தான் போயின. எளாவூரிலிருந்து திருவள்ளூர் போகிற வழியில் தாஸ் இருக்கிற கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒருநாள் அப்படிப் போகும்போது அவன் வாசலில் நின்றிருந்தான். என் வண்டியையும் பின்னால் இருந்த ப்ளாக்கையும் பார்த்தான். கையைத் தூக்கினான். நின்றுவிட்டுப் போ என்கிறானா, சும்மா போய்வா என்கிறானா என்று எனக்குத் தெரியவில்லை. பிரேக்கில் கால் வைத்தேன், எடுத்தேன். நிறுத்தி, அவன் சும்மாதான் தூக்கியிருந்தால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பேன்? கண்ணாடியில் பார்த்தபோது கை இன்னும் தூக்கியபடிதான் இருந்தது. நான் போய்விட்டேன்.